பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளையின் பிறந்தநாளுக்கு மது இல்லாத ‘பெரியாள்’ பானங்கள்: முழுமையான வழிகாட்டி

சிவப்புக் கோடியலைக் கரைத்து ஒரு வாளியில் வைத்து, பிளாஸ்டிக் கோப்பையால் அள்ளிக் கொடுக்கிற பிறந்தநாள் எட்டு வயதுப் பிள்ளைக்குச் சரி. சாதாரண தரம் எழுதிவிட்டு நிற்கிற பிள்ளைக்கு அது போதாது. அந்த வயதில் பிள்ளை எதிர்பார்ப்பது மதுவை அல்ல, மரியாதையை. நல்ல கிளாஸ், “உனக்கு எது வேணும்?” என்று ஒருவர் கேட்பது, கண் முன்னால் ஊற்றிக் கொடுப்பது, இனிப்பு மட்டும் இல்லாத ஒரு சுவை. இவ்வளவையும் வீட்டுக் குசினியிலேயே செய்யலாம்.

திருகோணமலையில் ஒரு வீட்டு முற்றத்தில் பின்னேரம் 5 மணிக்குத் தொடங்கும் கொண்டாட்டத்துக்கு, 25 பிள்ளைகளுக்கு என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன். பலர் தடுமாறும் இடம் ஒன்றுதான்: விருந்தினர் வந்த பிறகு தேசிக்காய் வெட்டத் தொடங்குவது. கலவையெல்லாம் முன்கூட்டியே முடிந்திருக்க வேண்டும், அந்த நேரத்தில் செய்வது ஐஸ் போட்டு, கலவை ஊற்றி, சோடா நிரப்புவது மட்டும். கீழே உள்ள ஒழுங்கு முழுவதும் அதற்காகத்தான்.

1. பிள்ளையோடும் மற்றப் பெற்றோரோடும் பேசி முடிக்க வேண்டியவை

முதலில் பானங்களின் எண்ணிக்கை. மூன்று போதும். ஐந்தாறு வகை வைத்தால் ஒவ்வொன்றிலும் பாதி மிஞ்சும், மேசையில் நிற்பவருக்கும் தலை சுற்றும். ஒன்று காரமாக, ஒன்று பழமாக, ஒன்று பார்க்க வித்தியாசமாக இருந்தால் எல்லா நாக்குக்கும் ஏதோ ஒன்று கிடைக்கும்.

அடுத்தது, அன்றைக்கு அந்த வளவில் பெரியவர்களுக்கும் மது இல்லை என்பது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மாமாமார் பின்பக்கத்தில் ஒரு போத்தலோடு இருந்தால், முன்பக்கத்தில் நீங்கள் எவ்வளவு அழகாகப் பானம் வைத்தாலும் பெரிய பெடியளின் கண் பின்பக்கத்தில்தான் இருக்கும். இலங்கையில் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மதுபானம் விற்பதை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தடை செய்கிறது, அதையும் ஒரு தரம் சொல்லி வையுங்கள்.

பிறகு, வருகிற பிள்ளைகளின் வீட்டாருக்கு ஒரு செய்தி போடுங்கள்: என்னென்ன பானம், என்னென்ன போடுகிறோம், சீனி வருத்தமோ ஒவ்வாமையோ உள்ள பிள்ளை உண்டா. எங்கள் ஊர் வகுப்பில் முஸ்லிம் பிள்ளைகளும் இருப்பார்கள். கூம்பு கிளாஸில் நிறம் நிறமாக ஏதோ குடிக்கிற படம் வாட்ஸ்அப்பில் போனால் அந்த வீட்டில் கேள்வி வரும். முதலே தெரிந்திருந்தால் யாருக்கும் சங்கடம் இல்லை.

பெயர் வைக்கும் வேலையைப் பிள்ளையிடம் விடுங்கள். மதுபானங்களின் பெயரை அப்படியே எடுத்து முன்னால் ‘போலி’ என்று சேர்ப்பதைவிட, ‘நிலாவெளி நீலம்’ மாதிரி ஊர்ப் பெயர் ஒன்று எழுதி வைத்தால் பிள்ளைகளே படம் எடுப்பார்கள்.

2. பெரியாள் சுவை எதனால் வருகிறது

சீனியைக் குறைத்து, அந்த இடத்தில் புளிப்பு, காரம், துவர்ப்பு மூன்றில் ஒன்றையாவது வைக்க வேண்டும். அப்போதுதான் ஒரே மூச்சில் குடித்து முடிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சத் தோன்றும், கிளாஸும் கையில் அதிக நேரம் இருக்கும்.

புளிப்புக்குத் தேசிக்காய். காரத்துக்கு இஞ்சி, மிளகு. துவர்ப்புக்குத்தான் பலர் வழி தெரியாமல் நிற்பார்கள், அது எல்லார் வீட்டு அலுமாரியிலும் இருக்கிறது: தேயிலை. குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்த வெறும் தேநீர், பானத்துக்கு நாக்கை லேசாகப் பிடிக்கிற ஒரு தன்மையைக் கொடுக்கும். சோடாவில் வெறும் பாணியைக் கலந்தால் அது வராது.

3. கடையில் பார்த்து ஒதுக்க வேண்டியவை

மது இல்லை என்று நினைத்து வாங்கும் சிலவற்றில் மது இருக்கிறது. பானங்களில் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கும் கசப்புச் சாறுகளில் பெயர் பெற்ற அங்கொஸ்துராவில் ஏறக்குறைய 45 சதவீதம் மது. சில வெனிலா எசன்ஸும் மதுவில் எடுத்ததுதான். ‘ஆல்கஹால் இல்லை’ என்று விற்கும் சில பியர்களில் 0.5 சதவீதம் வரை இருக்கலாம். லேபலை வாசியுங்கள், சந்தேகமாக இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

வீட்டில் ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைக்கும் இஞ்சிப் பானம், கொம்புச்சா எனப்படும் புளித்த தேநீர் இரண்டும் வேண்டாம், புளிக்கும்போது கொஞ்சம் மது உண்டாகும். பனையிலிருந்து இறக்கிய கருப்பநீர் கொண்டு வருகிறேன் என்று உறவினர் யாராவது சொன்னாலும் அன்போடு மறுத்துவிடுங்கள். சுண்ணாம்பு சரியாக இல்லாவிட்டால் எங்கள் வெயிலுக்கு அது சில மணி நேரத்தில் கள்ளாகிவிடும்.

சக்திப் பானங்கள் எனப்படும் கஃபீன் டின்களும் வேண்டாம். புகை வருவதற்கு உலர் பனிக்கட்டி போடுவதைக் காணொளிகளில் பார்த்துவிட்டுக் கேட்பார்கள். அது மைனஸ் 78 பாகைக் குளிர், ஒரு துண்டு வாய்க்குள் போனால் சுட்டுவிடும். பிள்ளைகள் கூடும் இடத்துக்கு அது வேண்டவே வேண்டாம்.

4. அளவும் சாமானும்

ஒரு பிள்ளைக்கு 3 கிளாஸ், ஆக 75. ஒரு கிளாஸில் 100 கிராம் ஐஸ், 80 மில்லிலீற்றர் கலவை, மிச்சம் சோடா. இந்த 80 என்ற அளவை மூன்று பானத்துக்கும் ஒன்றாக வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு: ஒரே அகப்பை எல்லாவற்றுக்கும் பொருந்தும், ஊற்றுபவர் யோசிக்கத் தேவையில்லை. அகப்பையில் 80 எங்கே நிற்கிறது என்று தண்ணீர் ஊற்றி அளந்து, நிரந்தர மையால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். அளவுக் கோப்பை இல்லாவிட்டால் இருமல் பாணி போத்தலோடு வரும் சின்ன மூடியைக் கழுவி எடுங்கள், அதில் மில்லிலீற்றர் கோடுகள் தெளிவாக இருக்கும்.

வாங்க வேண்டியவை: தேசிக்காய் 60, சீனி 1 கிலோ, இஞ்சி 150 கிராம், 4 கிலோ வத்தகப்பழம் ஒன்று, ஒன்றரை லீற்றர் வெறும் சோடா 4 போத்தல், புதினா இரண்டு கட்டு, ஏலக்காய், மிளகு, தேயிலை. சங்குப்பூ 60 வேண்டும். வேலியில் படர்ந்திருக்கும் வீட்டில் கேட்டு வாங்குங்கள், வீதியோரத்தில் புழுதி படிந்ததும் மருந்தடித்த தோட்டத்திலிருந்து எடுத்ததும் வேண்டாம்.

சோடா என்று சொன்னால் கடையில் இனிப்புப் பானத்தை எடுத்துத் தந்துவிடுவார்கள், இனிப்பில்லாத வெறும் சோடா என்று அழுத்திச் சொல்லுங்கள். அது கிடைக்காமல் எலிபண்ட் ஹவுஸ் ஜிஞ்சர் பியர் மாதிரி ஒன்றை வாங்க நேர்ந்தால், அதிலேயே இனிப்பு இருப்பதால் இஞ்சிக் கலவையில் பாணியைப் பாதிக்கு மேல் குறைக்க வேண்டும். போத்தலில் ஒட்டியிருக்கும் சீனி நிறக் குறியையும் பாருங்கள், சிவப்பு என்றால் இனிப்பு அதிகம்.

கிளாஸ் விஷயத்தில் இடத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். சீமெந்துத் தரையோ விறாந்தையோ என்றால் கண்ணாடிக் கிளாஸை வாடகைக்கு எடுக்கலாம், பானம் உடனே வேறு மாதிரித் தெரியும். உப்புவெளிக் கரையில் வைக்கிறீர்கள் என்றால் கண்ணாடி கூடாது. மணலுக்குள் போன ஒரு துண்டை யாராலும் தேடி எடுக்க முடியாது, பிள்ளைகள் வெறுங்காலோடுதான் ஓடுவார்கள். அங்கே தடித்த, தெளிவான பிளாஸ்டிக் கிளாஸ். நீளத் தண்டு வைத்தது மணலில் நிற்காது, அடி அகன்றதாகப் பாருங்கள்.

5. நான்கு நாள் முன்பு: ஐஸ்

எல்லாரும் கடைசிக்கு விடுவது ஐஸை, முதலில் தீர்ந்துபோவதும் ஐஸ்தான். 75 கிளாஸுக்கு ஏழரை கிலோ. உருகுவதையும் சேர்த்தால் 10 கிலோ. ஒரு வீட்டுப் பிரிட்ஜின் தட்டுகளால் ஒரே இரவில் இது முடியாது, அதனால்தான் நான்கு நாள். தட்டில் உறைந்ததைக் கழற்றிப் பையில் போட்டுக் கட்டி, மறுபடி ஊற்றி வையுங்கள். பக்கத்து வீட்டு அன்ரியிடமும் ஒரு பை ஒப்படைக்கலாம்.

கொதித்தாறிய தண்ணீர் அல்லது போத்தல் தண்ணீர் பாவியுங்கள். கடற்கரைப் பக்கம் சில கிணற்றுத் தண்ணீரில் உப்புத் தட்டும், உருகும்போது அந்த உப்பு பானத்துக்குள் இறங்கும்.

எங்கள் வீடுகளில் பிரிட்ஜின் மேல்தட்டில் பாரையோ சூரையோ எப்போதும் இருக்கும். திறந்த தட்டில் உறைந்த ஐஸ் அந்த வாடையை இழுத்துக்கொள்ளும், புதினா போட்டாலும் மறையாது. மீனை வேறு இடத்துக்கு மாற்றுங்கள், முடியாவிட்டால் தட்டை மூடிபோட்ட டப்பாவுக்குள் வைத்து உறைய விடுங்கள்.

ஜக்குகளுக்குள் போடுவதற்குக் கழுவிய யோகட் கப்பில் தண்ணீர் ஊற்றி உறைய வையுங்கள். பெரிய கட்டி மெதுவாக உருகும், கலவை நீர்த்துப்போகாது.

மீன்பிடிக்குப் போகும் ஐஸ் பார் மலிவாகக் கிடைக்கும். அதை வாங்குங்கள், ஆனால் சோடாப் போத்தல்களை வெளியிலிருந்து குளிர வைப்பதற்கு மட்டும். அது குடிக்கிறதுக்குச் செய்த ஐஸ் அல்ல. இரண்டு ஐஸையும் ஒரே ரெஜிபோம் பெட்டியில் வைத்தால் அவசரத்தில் யாரோ ஒருவர் தவறான கட்டியைக் கிளாஸில் போட்டுவிடுவார், இரண்டு பெட்டி வேண்டும், ஒன்றின் மூடியில் பெரிதாக ‘குடிக்க அல்ல’ என்று எழுதுங்கள்.

6. முதல் நாள்: பாணி, தேநீர், பூத்தண்ணீர்

இஞ்சிப் பாணி: 400 கிராம் சீனி, 400 மில்லிலீற்றர் தண்ணீர், அலங்காரத்துக்கு ஒரு துண்டை எடுத்து வைத்துவிட்டு மிச்ச இஞ்சி முழுவதையும் துருவியது. சீனி கரைந்து கொதி வந்ததும் தீயைக் குறைத்து 10 நிமிடம், பிறகு இறக்கி மூடி ஆறவிடுங்கள். இஞ்சி ஆறும்போதுதான் காரம் நன்றாக இறங்கும், சுடச்சுட வடித்தால் மணம் மட்டும் இருக்கும், தொண்டையில் பிடிக்காது. துணியால் வடித்து, அடியில் வெள்ளையாகப் படியும் மாவை விட்டு மேலே உள்ளதை மட்டும் போத்தலில் ஊற்றுங்கள். இதற்குச் சிவப்புச் சீனியும் நல்லது.

ஏலக்காய்ப் பாணி: அதே அளவு சீனியும் தண்ணீரும், தட்டிய ஏலக்காய் 8. இதற்கு வெள்ளைச் சீனிதான், ஏனென்றால் இது நீலப் பானத்துக்குள் போகிறது, சிவப்புச் சீனி நிறத்தை மங்கலாக்கும்.

தேநீர்: ஒன்றேகால் லீற்றர் குளிர்ந்த தண்ணீரில் 4 மேசைக்கரண்டி தேயிலை, மூடி பிரிட்ஜில் இரவு முழுவதும். கொதி தண்ணீரில் கடுப்பாகப் போட்டு அதைக் குளிர வைத்தால் கலங்கிப்போய்ப் பார்க்க அழுக்குத் தண்ணீர் மாதிரி வரும், குளிரில் ஊறியது தெளிவாக நிற்கும். காலையில் வடித்துவிடுங்கள்.

பூத்தண்ணீர்: சங்குப்பூவின் பச்சைக் காம்பைக் கிள்ளி எறிந்துவிட்டு இதழை மட்டும் ஒன்றரை லீற்றர் சுடுதண்ணீரில் போடுங்கள். காம்போடு போட்டால் புல் வாடை. 15 நிமிடத்தில் கடும் நீலம் வந்துவிடும், வடித்துக் குளிர வையுங்கள். இதற்கு முதலே தேசிக்காய் விட வேண்டாம், பானத்தின் வித்தையே அதில்தான் இருக்கிறது.

சோடாப் போத்தல்களை இன்றே குளிருக்குள் வையுங்கள். வாயு குளிர்ந்த தண்ணீரில்தான் கரைந்து நிற்கும், வெதுவெதுப்பான சோடாவை ஐஸ் மேல் ஊற்றினால் பொங்கி வழிந்து, மிஞ்சுவது சப்பென்ற தண்ணீர்.

7. அன்று மதியத்துக்குப் பின்: கலவைகள்

தேசிக்காயை 2 மணிக்கு முன்னால் பிழியாதீர்கள். நேரம் போகப் போகக் கைப்பு ஏறும். கையால் தரையில் அழுத்தி உருட்டிவிட்டுப் பிழிந்தால் சாறு கூட வரும், ஆனால் தோல் நசுங்கும் அளவுக்கு முறுக்க வேண்டாம், தோலின் எண்ணெயும் கைப்புத்தான். மொத்தம் ஒரு லீற்றர் தேவை.

காரக் கலவை: இஞ்சிப் பாணி 500 மில்லிலீற்றர், தேசிக்காய்ச் சாறு 375, தேநீர் 1125. மொத்தம் 2 லீற்றர், 25 கிளாஸ்.

பழக் கலவை: வத்தகப்பழத்தைத் துண்டுபோட்டு விதையை எடுத்துவிட்டு பிளெண்டரில் நிறுத்தி நிறுத்தி இரண்டு மூன்று சுற்று. விதையோடு நீண்ட நேரம் அரைத்தால் கசக்கும். வடித்த சாறு 1750, தேசிக்காய் 250, அரைத் தேக்கரண்டி உப்பு. சீனி வேண்டாம். உப்பு சேர்ந்ததும் பழத்தின் இனிப்பு தானாக மேலே வரும். இதை முதல் நாளே செய்ய நினைக்காதீர்கள், சாறும் தண்ணீரும் பிரிந்து, மணமும் மாறிவிடும்.

நீலக் கலவை: பூத்தண்ணீர் ஒன்றரை லீற்றர், ஏலக்காய்ப் பாணி அரை லீற்றர். மிச்சமுள்ள தேசிக்காய்ச் சாறு 375ஐத் தனிப் போத்தலில் வையுங்கள்.

சுவை பார்க்கும்போது கலவையை மட்டும் நக்கிப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. அது எப்போதும் கூடிய இனிப்பாகவும் கூடிய புளிப்பாகவும்தான் தெரியும். ஐஸும் சோடாவும் போட்டு ஒரு முழுக் கிளாஸ் செய்து, இரண்டு நிமிடம் விட்டுக் குடித்துப் பாருங்கள். குளிர் இனிப்பை அமர்த்தும், அதற்குப் பிறகும் குறைவாகத் தெரிந்தால் மட்டும் பாணியைக் கூட்டுங்கள்.

8. மேசை போடுதல்

வெயில் சாயும் பக்கத்தைப் பார்த்து நிழலில் போடுங்கள், சுவரை ஒட்டினால் இன்னும் நல்லது. மே முதல் செப்டெம்பர் வரை என்றால் கச்சான் காற்றையும் நினைக்க வேண்டும்: வெறும் பிளாஸ்டிக் கிளாஸ் பறக்கும், ஜக்குக்குள் புழுதி விழும். கிளாஸ்களைக் கவிழ்த்துத் தட்டில் அடுக்கி மேலே ஈரத் துணி, ஜக்குகளுக்கு மூடி.

ஊற்றுபவர் நிற்கும் பக்கத்தில் இடமிருந்து வலமாக: கிளாஸ், ஐஸ், மூன்று கலவை, சோடா, கடைசியில் அலங்காரம். கை ஒரே திசையில் போகும், குறுக்கே நீட்டத் தேவையில்லை. வாளியும் துடைக்கும் துணியும் மேசைக்குக் கீழே.

மேசையில் எப்போதும் ஒரு பெரியவர் நிற்க வேண்டும். சித்தியோ, வேலைக்குப் போகும் வயது அக்காவோ, பிள்ளைகள் கதைக்கப் பயப்படாத ஒருவராகப் பாருங்கள். ஊற்றும் வேலையை இரண்டிரண்டு பிள்ளைகள் மாறி மாறிச் செய்யட்டும், அதுவே அவர்களுக்குப் பெரிய கொண்டாட்டம். ஆனால் ஜக்கைத் திறந்து வைத்துவிட்டு எல்லாரும் கேக் வெட்டப் போகக் கூடாது. யாரோ ஒரு குறும்புக்காரன் எதையாவது கலந்துவிட்டால், குடிக்கிற பிள்ளைக்குத் தெரியாது. போகும்போது மூடி உள்ளே எடுத்து வையுங்கள்.

வெறும் சாராயப் போத்தலில் பூ வைத்து அலங்கரிக்கும் யோசனையை நான் எங்கும் ஆதரிப்பதில்லை. படத்தில் போத்தல்தான் தெரியும், பூ தெரியாது.

9. ஊற்றும் ஒழுங்கு

எல்லாவற்றுக்கும் முதலில் ஐஸ், கிளாஸின் முக்கால்வாசி. கொஞ்சம் ஐஸ் போட்டால் சீக்கிரம் உருகிப் பானம் தண்ணீராகும், நிறையப் போட்டால் ஒன்றையொன்று குளிராக வைத்துக்கொண்டு மெதுவாக உருகும். பிறகு கலவை ஒரு அகப்பை. கடைசியில் சோடா, கிளாஸைச் சரித்துப் பக்கச் சுவரால் மெதுவாக. சோடா விட்ட பிறகு கரண்டியால் ஒரே ஒரு தரம் அடியிலிருந்து தூக்கிவிட்டால் போதும், சுழற்றிச் சுழற்றிக் கலக்கினால் வாயு போய்விடும்.

காரப் பானத்துக்கு மேலே மெல்லிய இஞ்சித் துண்டு ஒன்று. பழப் பானத்துக்குப் புதினாவும் ஒரு சிட்டிகை மிளகுத்தூளும். புதினாவை இடிக்க வேண்டாம், இலையை உள்ளங்கையில் வைத்து மற்றக் கையால் ஒரு தட்டு, வாசம் எழும்பும். இடித்தால் இலை கறுத்துப் பல்லில் ஒட்டும்.

நீலப் பானத்துக்கு மட்டும் ஒரு படி கூட. ஐஸ், நீலக் கலவை, குளிர்ந்த தண்ணீர் அல்லது சோடா ஊற்றிக் கிளாஸைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு, ஒரு மேசைக்கரண்டி தேசிக்காய்ச் சாற்றை அவர்களையே விடச் சொல்லுங்கள். புளிப்புப் பட்ட இடத்தில் நீலம் ஊதாவாகிக் கீழே நூல் நூலாக இறங்கும். சங்குப்பூவின் நிறப்பொருள் அமிலத்தில் மாறுவதால் நடப்பது இது, இரசாயனம் படிக்கிற பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள். சோடாவிலும் லேசான அமிலம் இருப்பதால் நீலம் முதலே கொஞ்சம் சாயும், மாற்றம் முழுதாகத் தெரிய வேண்டுமென்றால் தண்ணீரே நல்லது.

10. எதை எப்போது கொடுப்பது

வந்து இறங்கியதும் வத்தகப்பழம். வெயிலில் சைக்கிளில் வந்த பிள்ளைக்கு அதுதான் இதம், செய்து வைத்தால் நிற்காத பானமும் அதுதான், முதலில் முடிவது நல்லது.

ரோல்ஸ், கட்லட், பற்றிஸ் வரும்போது இஞ்சிப் பானம். எண்ணெயையும் காரத்தையும் தேசிக்காயும் தேநீரும் கழுவிவிடும்.

கேக் நேரத்தில் இரண்டும் வேண்டாம். ஐசிங் வாயில் இருக்கும்போது புளிப்புப் பானம் பல்லைக் கூசவைக்கும், நல்ல பானத்துக்குப் பழி வரும். வெறும் குளிர்ந்த தண்ணீர் வையுங்கள். சொல்லப்போனால் தண்ணீர் ஜக்கு ஒன்று தொடக்கம் முதலே மேசையில் நிற்க வேண்டும்.

கேக் முடிந்து, பாட்டுப் போட்டு, வெளிச்சம் குறைந்த பிறகு நீலம். மேசையில் ஒரு விளக்கைத் தாழ்வாக வைத்தால் நிறம் மாறுவது எல்லாருக்கும் தெரியும். தேசிக்காய்ச் சாற்றைச் சின்னச் சின்னக் கோப்பைகளில் முன்னரே அளந்து வைத்திருந்தால் வரிசை நிற்காது.

அம்மம்மாவுக்கும் ஒரு கிளாஸ் அதே அலங்காரத்தோடு போகட்டும், சீனி வருத்தம் இருந்தால் வத்தகப்பழத்தில் கொஞ்சமாக, சோடா கூட்டி.

11. மிஞ்சியவை

சோடா விடாத பாணிகள் சுத்தமான போத்தலில் பிரிட்ஜில் இரண்டு வாரம் வரை நிற்கும். இஞ்சிப் பாணி பிளேன்டீக்கும் உதவும். தேசிக்காய் கலந்த கலவையை அடுத்த நாளைக்குள் முடியுங்கள். வத்தகப்பழச் சாறு மேசையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் நின்றிருந்தால் ஊற்றிவிடுங்கள், பிரிட்ஜிலேயே இருந்ததை ஐஸ் தட்டில் உறைய வைக்கலாம். மேசைத் துணியை அன்றிரவே தண்ணீரில் போடுங்கள், பாணி சிந்திய துணியை விடியும்வரை விட்டால் எறும்பு குசினிவரை வழிபோட்டுவிடும்.